பெண் குழந்தைக்கு வெளிநாட்டுப் பெயரா? பட்டியலை மட்டும் நம்பாதீர்கள்

போன மாதம் சித்தி மகள் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள். “அக்கா, பாப்பாவுக்கு இதில் எது வைக்கலாம்?” உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து நாற்பது பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே சொல்லில் அர்த்தம். பாதிக்கு மேல் ‘ஒளி’, ‘தேவதை’, ‘இளவரசி’. வகுப்பில் வேறு யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்பது அவள் ஆசை. அதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒற்றைச் சொல் அர்த்தத்தில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள்.

முதல் பெயரே அபேனா. எதிரே ‘அழகி’ என்று போட்டிருந்தது. கானாவின் அக்கான் மக்களிடம் அபேனா என்றால் செவ்வாய்க்கிழமை பிறந்த பெண், அவ்வளவுதான். அங்கே கிழமைக்கு ஒரு பெயர் உண்டு. ஞாயிறு என்றால் எசி, திங்கள் அட்வோவா, புதன் அக்குவா, வியாழன் யா, வெள்ளி அஃபுவா, சனி அமா. ஆண்களுக்குத் தனி வரிசை, ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னானின் பெயரிலேயே வெள்ளிக்கிழமை இருக்கிறது. நம் பாப்பா பிறந்தது வியாழக்கிழமை. அபேனா என்று வைத்தால் பின்னாளில் கானாக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே கிழமை கேட்பார்.

இதைவிடச் சங்கடம் யெதுண்டே. நைஜீரியாவின் யொரூபா மொழியில் ‘அம்மா திரும்பி வந்துவிட்டாள்’ என்று பொருள். பாட்டி இறந்த பிறகு பிறக்கும் பெண் குழந்தைக்கு வைப்பது. நாமும் பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கிறவர்கள்தான், ஆனால் பாட்டி இருக்கும்போதே வைப்போம். இங்கே பாப்பாவின் பாட்டி, என் சித்தி, குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார், அவர் ‘திரும்பி வந்துவிட்டார்’ என்று பெயர் வைப்பதா? இதே யொரூபாக்களிடம் தைவோ, கெஹிந்தே என்பவை இரட்டையருக்கான பெயர்கள். ஒற்றைக் குழந்தைக்கு வைத்தால், இன்னொன்று எங்கே என்றுதான் கேட்பார்கள்.

ஜப்பானியப் பெயர்களில் தவறு வேறு மாதிரி. ‘யூக்கி என்றால் பனி’ என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கும். எந்த எழுத்தில் எழுதினால் என்பதுதான் கேள்வி. அங்கே ஒரே ஒலியைப் பல கான்ஜி எழுத்துகளில் எழுதலாம். ஒன்றில் பனி, இன்னொன்றில் மகிழ்ச்சி. பையன்களுக்கும் யூக்கி உண்டு. தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதும்போது நம் கையில் மிஞ்சுவது ஒலி மட்டும்தான். ஒலி பிடித்திருந்தால் வையுங்கள், அர்த்தம் சொல்லிப் பெருமைப்படும்போது மட்டும் கொஞ்சம் அடக்கம் இருக்கட்டும்.

வனெஸ்ஸாவுக்குப் ‘பட்டாம்பூச்சி’ என்று போட்டிருந்தார்கள். உண்மையில் அது ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட், எஸ்தர் வேனம்ரி என்ற தோழிக்காக, அவர் பெயரையே வெட்டி ஒட்டிச் செய்த பெயர். அந்தப் பெயர் வரும் கவிதை அச்சில் வந்தது 1726இல். ஒரு பட்டாம்பூச்சிப் பேரினத்துக்குப் பூச்சியியலாளர் ஃபேப்ரீஷியஸ் அந்தப் பெயரைச் சூட்டியது 1807இல். பூச்சிதான் பின்னால் வந்தது! சில பெயர்களிலோ அர்த்தமே உதைக்கும். ஸ்பானியத்தில் டொலோரஸ் என்றால் துயரங்கள். மாதாவின் வியாகுலத்தை நினைத்து வைப்பவர்களுக்கு அது பக்தி. இனிமையாக ஒலிக்கிறதே என்று எடுப்பவர்களுக்கு வெறும் துயரம்தான். மல்லோரிக்குப் பழைய பிரெஞ்சில் துரதிருஷ்டம் என்று பொருள்.

ஆணா பெண்ணா என்பதையும் பாருங்கள். நாம் பெண்களுக்கு வைக்கும் நிகிதா ரஷ்யாவில் ஆண் பெயர். சோவியத் தலைவராக இருந்த குருஷேவின் பெயரே நிகிதாதான். மிஷாவும் அங்கே மிகயீல் என்ற ஆணின் செல்லப் பெயர்.

அப்புறம், வாசலில் நின்று ஒருமுறை உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். நார்வேயில் பெண்களுக்கு ஏலி, காரி என்று வைப்பார்கள். ஆங்கில எழுத்தில் அட்டெண்டன்ஸில் பார்க்கும் நம் ஊர் டீச்சர் எலி, கரி என்றுதான் படிப்பார். அயர்லாந்தின் நீவ் இதற்கு நேர்மாறு. தமிழில் எழுதினால் ஒரு சிக்கலும் இல்லை, ஆங்கிலத்தில் என், ஐ, ஏ, எம், எச். பாஸ்போர்ட் முதல் பேங்க் வரை எல்லாரும் ‘நியாம்’ என்பார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புவதற்குள் பெயரை முடிவு செய்யவேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதியவேண்டும், பெயர் இல்லாமலே பதியலாம். பிறகு 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்கும் மேல் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வழி இருக்கிறது.

நாற்பதில் இப்போது மூன்று மிச்சம். என் ஓட்டு லின்னேயாவுக்கு. தாவரவியலாளர் லின்னேயஸுக்குப் பிரியமான, ஒரே காம்பில் இரண்டிரண்டாகத் தொங்கும் ஓர் இளஞ்சிவப்புக் காட்டுப்பூ. அவர் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். ஸ்வீடனில் பெண்களுக்கு அந்தப் பூவின் பெயர் உண்டு. சித்தி இப்போதே ‘லின்னிம்மா’ என்று கூப்பிட்டுப் பார்க்கிறார். பாப்பா இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.