பழைய வீட்டு விற்பனை: வாங்குபவரின் இன்ஜினியர் பார்த்துவிட்டுப் போன பிறகு தவிர்க்க வேண்டிய தவறுகள்

முப்பது, நாற்பது வருடம் ஆன தனி வீடு. விலை பேசி, டோக்கன் அட்வான்ஸும் கைமாறிவிட்டது. பிறகு வாங்குபவர் ஓர் இன்ஜினியரைக் கூட்டிவந்து மொட்டை மாடி முதல் சம்ப் வரை பார்க்கிறார். இரண்டு நாளில் போன் வருகிறது: "உள்ளே வேலை நிறைய இருக்காம் சார், எட்டு லட்சம் குறைச்சுக்குங்க." முன்பெல்லாம் மேஸ்திரி ஒருவர் சுவரைத் தட்டிப் பார்ப்பதோடு முடிந்துவிடும். வீட்டுக்கடன் பரவிய பிறகு இன்ஜினியர், வங்கியின் மதிப்பீட்டாளர், வக்கீல் என்று மூன்று பேர் பார்க்கிறார்கள், மூன்று பேரும் ஏதாவது எழுதுகிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குபவர் பேசும்போது, தயாராக இல்லாத விற்பனைதாரர் தடுமாறிப்போகிறார்.

போனிலேயே தொகைக்குப் பதில் சொல்வது

"எட்டு முடியாது, மூணு குறைக்கிறேன்" என்று சொன்ன நொடியிலேயே மூன்று லட்சம் போய்விட்டது. எதற்காகக் குறைத்தோம் என்பதே இன்னும் தெரியாது. முதலில் கேட்க வேண்டியது அறிக்கை. எந்த அறை, எந்தச் சுவர், எத்தனை சதுர அடி, போட்டோ என்று எழுத்தில் வாங்குங்கள். "தளம் பழுது" என்று எழுதியிருந்தால் அதற்கு விலை போட முடியாது. "பின்பக்கப் படுக்கையறைத் தளத்தில் சுமார் 40 சதுர அடி கம்பி துரு, பூச்சு உதிர்வு" என்று எழுதியிருந்தால் போட முடியும். வீடு முழுவதும் 1,100 சதுர அடி என்பதால் பழுதுக் கணக்கும் 1,100 சதுர அடிக்கு நீண்டுவிடுவது அடிக்கடி நடக்கும்.

அதே இடங்களை உங்கள் சார்பில் வேறொரு கட்டட இன்ஜினியரை வைத்துப் பார்த்து, அளவெடுத்து, குறைந்தது இரண்டு பேரிடம் மதிப்பீடு வாங்குங்கள். இதற்கு ஒரு வாரம் கேட்பதில் தவறில்லை. நிஜமாகவே வாங்க நினைப்பவர் ஒரு வாரம் காத்திருப்பார்.

புரோக்கரை நம்பி இந்தப் பேச்சை விட்டுவிடாதீர்கள். கமிஷன் 1 சதவீதம் என்றால், விலையில் 5 லட்சம் குறைந்தாலும் அவருக்குக் குறைவது 5,000 ரூபாய்தான். கிரயம் முடியாமல் போனால் முழுக் கமிஷனும் போய்விடும். "விட்டுக்குடுங்கண்ணே, நல்ல பார்ட்டி" என்று அவர் சொல்வது இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

ஒரே குறைக்கு இரண்டு முறை விலை குறைப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பழைய தனி வீட்டின் விலையில் பெரும்பங்கு மனையுடையது. கட்டடத்துக்குத் தேய்மானம் கழித்த பிறகே விலை போடுகிறார்கள். மதிப்பீட்டாளர்கள் பரவலாகப் பின்பற்றும் முறை இது: கட்டடத்தின் ஆயுளை 60 வருடம் என்று கொண்டு, கடைசியில் 10 சதவீதம் மிஞ்சும் என்று வைத்து, மீதி 90 சதவீதத்தை அந்த 60 வருடத்துக்குப் பிரிப்பார்கள். வருடத்துக்கு 1.5 சதவீதம் கழியும்.

1,500 சதுர அடி மனை, சதுர அடி 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மனை மட்டும் 90 லட்சம். அதில் 1,100 சதுர அடிக் கட்டடம், வயது 36. இன்று புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 22 லட்சம் ஆகும். 36 வருடத் தேய்மானம் 54 சதவீதம் போக, கட்டடத்தின் இன்றைய மதிப்பு 10 லட்சத்துச் சொச்சம். ஒரு கோடிக்கு விலை பேசி முடித்தபோது கட்டடத்துக்கு வாங்குபவர் தந்த விலை இந்தப் பத்து லட்சம்தான். இப்போது எட்டு லட்சம் குறை என்றால், குடியிருக்கும் நிலையில் உள்ள வீட்டுக்கு இரண்டு லட்சம் தருகிறேன் என்று பொருள். வயதானதற்காக ஏற்கெனவே 12 லட்சம் கழித்துவிட்டு, அதே வயதின் அடையாளங்களுக்காக மறுபடியும் கழிக்கச் சொல்கிறார்.

அதனால் அறிக்கையில் உள்ள ஒவ்வொரு வரியையும் இரண்டாகப் பிரியுங்கள். பழைய வீட்டைப் பார்த்தவுடன் யாருக்கும் தெரியக்கூடியவை ஒரு பக்கம்: தேய்ந்த மொசைக் தரை, பீங்கான் ஃபியூஸ் கட்டை உள்ள மெயின் போர்டு, உள்ளே துரு அடைத்த ஜி.ஐ. பைப், பழைய பாணிக் குளியலறை, பூச்சில் மெல்லிய முடி விரிசல். இவை விலையிலேயே அடங்கியவை. மறுபக்கம், விலை பேசும்போது இரண்டு தரப்புக்கும் தெரியாமல் இருந்தவை: பொய்க்கூரைக்கு மேலே உதிர்ந்துகிடக்கும் தளம், நிலைக்கதவுக்குள் கரையான், உடைந்து மண்ணுக்குள் கசியும் கழிவுநீர்க் குழாய், அஸ்திவாரம் இறங்கியதால் வந்த சாய்வு விரிசல். பேரம் இந்த இரண்டாவது பட்டியலுக்கு மட்டும். வாங்குபவர் நியாயமானவர் என்றால், இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டு முன்னால் வைத்தாலே பேச்சின் போக்கு மாறிவிடும்.

இன்னொரு கேள்வியையும் நேராகக் கேட்டுவிடுங்கள்: இந்த வீட்டில் குடியிருக்கப்போகிறாரா, இடித்துக் கட்டப்போகிறாரா? இடிக்கப்போகிறவருக்கு மனையின் அளவும் சாலையின் அகலமும்தான் கணக்கு. தளத்தில் ஒழுகல் என்று அவர் விலை குறைக்கக் கேட்பதில் அர்த்தமே இல்லை.

வங்கி மதிப்பீட்டாளர் குறைத்துப் போட்டார் என்று சொன்னாலும் கொஞ்சம் நிதானியுங்கள். கட்டடத்தின் மீதி ஆயுள் கடன் காலத்தைவிட அதிகமாக இருக்கிறதா என்று வங்கிகள் பார்க்கும்; அங்கீகரித்த வரைபடத்தில் இல்லாத மாடி அறையைப் பெரும்பாலும் கணக்கில் சேர்க்காது. அது வாங்குபவருக்குக் கிடைக்கும் கடன் தொகை பற்றிய முடிவு. கைக்காசு கூடுதலாகப் போட வேண்டியிருப்பது அவருக்கு உண்மையான கஷ்டம். அதற்குக் கிரயத் தேதியை ஒரு மாதம் தள்ளிக் கொடுக்கலாம். விலையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றில்லை.

பூசி மறைப்பது

இன்ஜினியர் வருவதற்கு முன்போ, முதல் வாங்குபவர் போய் அடுத்தவர் வருவதற்குள்ளோ, உதிர்ந்த இடத்தில் சிமென்ட் பூசி வெள்ளை அடித்துவிடுவது பரவலான வழக்கம். இது மூன்று வகையில் திருப்பி அடிக்கும்.

முதலில், அது நிற்காது. தளத்துக்குள் ஈரமும் காற்றும் போய்க் கம்பி துருப்பிடிக்கும்போது, துரு அசல் இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைக்கும். அந்த அழுத்தம்தான் கீழே உள்ள கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளுகிறது. விரிசல் கம்பி போகும் திசையிலேயே நேர்கோடாக ஓடுவது இதன் அடையாளம். துருவை அப்படியே விட்டு மேலே பூசினால் அடுத்த மழைக்காலத்துக்குள் பூச்சும் விழும். முறையான வேலை என்றால் உளுத்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து நீக்கி, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பழையதும் புதியதும் பிடிக்க ஒட்டுத் திரவம் அடித்து, பாலிமர் கலந்த சாந்தால் அடைக்க வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும். அதற்கும் முன்னால், மேலிருந்து இறங்கும் தண்ணீரை நிறுத்த வேண்டும்: மொட்டை மாடித் தட்டோடு, அதன் கீழே உள்ள சுருக்கி (சுண்ணாம்புக் கலவை), கைப்பிடிச் சுவர் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய்.

இரண்டாவது, அனுபவமுள்ள இன்ஜினியர் கண்ணுக்குப் புதுப் பூச்சுத் தனியாகத் தெரியும். சுத்தியலால் தட்டினால் பிடிப்பில்லாத இடம் பொள்ளலாக ஒலிக்கும். ஓரிடத்தில் மறைத்தது தெரிந்தால், மறைக்காத இடங்களையும் அவர் சந்தேகத்தோடுதான் எழுதுவார்.

மூன்றாவது, சட்டம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆவது பிரிவுப்படி, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதை மோசடிக்குச் சமமாகவே அந்தப் பிரிவு பார்க்கிறது. ஒப்பந்தத்தில் "உள்ளது உள்ளபடி" என்று ஒரு வரி எழுதிவிட்டால், தெரிந்தே மறைத்ததற்கு அது காப்பாகாது.

வெள்ளமும் இதில் சேரும். 2015-இலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று சென்னையில் வீடு வாங்குகிறவர்கள் கேட்காமல் இருப்பதில்லை. தெருவில் தார் மேல் தாராகப் போட்டு வீடு பள்ளத்தில் நின்றால் அது பார்த்தாலே தெரியும். உள்ளே எத்தனை அடி நின்றது என்பது உங்களுக்குத்தான் தெரியும். உள்ளபடி சொல்லிவிடுங்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம் அது.

விரிசல் விஷயத்தில் மறைப்பதைவிட நிரூபிப்பதே நல்ல பலன் தரும். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டுங்கள். சில மாதம் கழித்தும் கண்ணாடி உடையாமல், விரிசல் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் அது நின்றுபோன விரிசல் என்று காட்ட முடியும். விற்கும் எண்ணம் வந்த அன்றே ஒட்டிவிடுவது நல்லது.

"நானே சரிசெய்து தர்றேன்" என்பது

கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் தள வேலையைக் கையில் எடுத்தால் வேலையின் தரத்துக்கும் நீங்களே பொறுப்பு. எந்த பிராண்ட் ரசாயனம், எத்தனை கோட், எத்தனை நாள் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று ஒவ்வொன்றும் சண்டையாகும். கிரயத்துக்குப் பிறகு முதல் மழையில் ஒரு சொட்டு இறங்கினாலும் போன் உங்களுக்குத்தான் வரும். ஒழுகல், தளம், கழிவுநீர்க் குழாய் போன்ற வேலைகளுக்குத் தொகையைக் கழித்துக் கொடுத்து, அவர் ஆளை வைத்து அவரே செய்துகொள்ளட்டும் என்று விடுவதுதான் இருவருக்கும் நல்லது.

சில சின்ன வேலைகளை மட்டும் நீங்களே முடித்துக் கொடுங்கள். எர்த் இல்லாத லைனுக்குப் புது எர்த், மெயின் போர்டில் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., உடைந்த சம்ப் மூடிக்குப் புது மூடி, தொங்கும் சன்ஷேடு துண்டைத் தட்டி அகற்றுவது. இவற்றைச் செய்யாமல் விட்டால் உயிருக்கு ஆபத்து, செலவு குறைவு, அறிக்கையில் பயமுறுத்தும் வரிகளும் இவையே. மோட்டார், இன்வெர்ட்டர், சோலார் ஹீட்டர் எவையெவை வீட்டோடு போகும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சில ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்காகக் கிரய நாளன்று முகம் சிவக்க வேண்டாம்.

பத்திரக் குறைக்கு விலையைக் குறைப்பது

வக்கீல் எழுதும் குறைகளுக்குப் பணம் மருந்தாகாது. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது, வாரிசுச் சான்றில் உள்ள ஓர் அத்தை கையெழுத்துப் போட வர வேண்டும், மூலப் பத்திரம் காணவில்லை: இதற்கெல்லாம் விலை குறைத்தாலும் குறை அப்படியே இருக்கும், வங்கியும் கடன் தராது. சரிசெய்யத் தேதி குறித்து ஒத்துக்கொள்ளுங்கள், விலையைத் தொடாதீர்கள்.

பழைய வீடுகளில் அடிக்கடி மாட்டுவது அடைத்து முடித்த அடமானம். கடன் தீர்ந்து பத்திரம் பீரோவுக்கு வந்திருக்கும். ஆனால் பதிவான அடமானத்துக்கு, கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீது ஆவணம் பதியாமல் விட்டிருப்பார்கள். வில்லங்கச் சான்றில் அடமானம் இன்னும் உயிரோடு நிற்கும். விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே வில்லங்கம் போட்டுப் பார்த்தால், பேரத்தின் நடுவில் அலைய வேண்டியதில்லை.

குறைத்த விலையை வாய்ப்பேச்சில் விடுவது

மூன்று லட்சம் கழிப்பதாக முடிவானால் அதைத் துணை ஒப்பந்தமாக எழுதுங்கள்: எந்தக் குறைகளுக்காகக் கழித்தது, அறிக்கையின் தேதி, புது விலை, இனி கட்டடத்தின் நிலை பற்றி வேறு கழிவு கேட்பதில்லை என்ற வரி. கடைசி வரி இல்லாவிட்டால் கிரயத்துக்கு முந்தின நாள் இன்னொரு பட்டியல் வரலாம்.

குறைப்பதற்கு முன் வழிகாட்டி மதிப்பையும், அதாவது முத்திரைத்தாள் கட்டணத்துக்காக அரசு வைத்திருக்கும் மதிப்பையும் பாருங்கள். முத்திரைத்தாள் மதிப்பு 95 லட்சம் உள்ள வீட்டை 85 லட்சத்துக்குக் கொடுத்தால், வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டிவிடும். வருமான வரித் துறை நீங்கள் 95 லட்சத்துக்கு விற்றதாகவே கொண்டு மூலதன ஆதாயம் கணக்கிடும். வாங்காத பத்து லட்சத்துக்கும் வரி. வாங்குபவருக்கும் அந்த வித்தியாசம் வருமானமாகக் கருதப்படும் என்பதால், இதைச் சொன்னாலே அவரும் யோசிப்பார்.

வித்தியாசத்தை ரொக்கமாகச் சரிக்கட்டலாம் என்ற பேச்சுக்கு இடமே கொடுக்காதீர்கள். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் உண்டு. அந்த அபராதம் விழுவது பணத்தை வாங்கிய விற்பனைதாரர் தலையில்.

பரிசோதனைக்கு முன்பே ஒப்பந்தத்தைப் பதிவது

தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிய வேண்டும். பதிந்தவுடன் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். பிறகு இன்ஜினியர் பார்த்து, பேரம் உடைந்து, வாங்குபவர் ஒதுங்கிக்கொண்டால், ரத்து ஆவணம் பதியும் வரை அடுத்தவருக்கு விற்க முடியாமல் வீடு மாட்டிக்கொள்ளும். ஆகவே டோக்கனுக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவில் பத்துப் பதினைந்து நாள் விட்டு, அதற்குள் கட்டடப் பரிசோதனையும் வக்கீல் பார்வையும் முடிய வேண்டும் என்று டோக்கன் ரசீதிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பதிந்துவிட்டு, விலையும் ஒத்துவரவில்லை என்றால், விலகுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: இவர் கண்ட குறையை அடுத்த இன்ஜினியரும் காண்பார், உங்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டதால் அதைச் சொல்லியே விற்க வேண்டும். அளவெடுத்த மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் அவர் வந்துவிட்டார் என்றால் முடித்துக்கொள்வது லாபம். வெகுதூரம் நின்றால் பிரிந்துவிடுங்கள். அட்வான்ஸை வங்கி மூலம் திருப்பிக் கொடுப்பதும் ரத்து ஆவணத்தில் இருவரும் கையெழுத்துப் போடுவதும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரே நாளில் நடக்கட்டும். அன்றே அவரிடம் இருக்கும் பத்திர நகல்களையும் வாங்கிக்கொண்டு, இரண்டொரு நாளில் புது வில்லங்கச் சான்று எடுத்து ரத்து ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த டோக்கனை வாங்குங்கள்.