குதிரையை நெருங்குவது, நலம் பார்ப்பது: புதியவர்களுக்கான தினசரிச் சோதனை

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குக் குதிரை வாங்கச் செல்பவர்கள் நிறத்தையும் சுழியையும் நெடுநேரம் பார்ப்பார்கள். வாங்கிய பிறகு அன்றாடம் பார்க்க வேண்டியவை வேறு. வேட்டையாடப்பட்டு வாழ்ந்த இனம் என்பதால் குதிரை தன் வலியை எளிதில் வெளிக்காட்டாது; நலமாக இருக்கும்போது அது எப்படி இருக்கும் என்பதை அறிந்தவரால்தான் நோயின் தொடக்கத்தைக் கண்டுகொள்ள முடியும்.

முதலில், அணுகும் முறை. கண்கள் தலையின் இருபக்கமும் அமைந்திருப்பதால் குதிரைக்குப் பக்கவாட்டில் நன்றாகத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் இருப்பவை தெரியா. ஆகவே குரல் கொடுத்துக்கொண்டே இடது தோளை நோக்கிச் சாய்வாக நடந்து சென்று, கழுத்தின் அடிப்பகுதியைத் தடவிக் கொடுங்கள். காதுகள் பின்பக்கம் மடிந்து தலையோடு ஒட்டியிருந்தால் அது கோபத்தின் அறிகுறி, அங்கேயே நின்றுவிடுங்கள். தலைக்கயிற்றைக் கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளாதீர்கள், ஏனெனில் குதிரை மிரண்டு ஓடினால் அந்தச் சுற்று இறுகி விரல்களையே பறித்துவிடக்கூடும். மிச்சக் கயிற்றை மடித்து, மடிப்பின் நடுவில் பிடியுங்கள். கட்டும்போது, நுனியை இழுத்தால் உடனே அவிழும் முடிச்சாகப் போடுங்கள்.

அடுத்தது எண்கள். தாடையெலும்பின் கீழ்விளிம்பில் ஓடும் நாடியை விரல் நுனியால் தொட்டு 15 வினாடி எண்ணி, 4 ஆல் பெருக்குங்கள். ஓய்விலிருக்கும் வளர்ந்த குதிரைக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 முதல் 44 வரை இருக்கும். விலாவின் அசைவைப் பார்த்து மூச்சை எண்ணினால் 8 முதல் 16 வரை வரும். ஆசனவாயில் வெப்பமானியை வைத்துப் பார்க்கும் உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். அப்போது பின்னால் நிற்காமல் இடுப்பை ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள். ஒரு வாரம் குறித்து வைத்தால் உங்கள் குதிரைக்கு வழக்கமான அளவு எது என்பது தெரிந்துவிடும்.

குளம்பைப் பார்க்க, வாலை நோக்கித் திரும்பி நின்று, தோளிலிருந்து கையைக் காலின் வழியாக மெல்லக் கீழே கொண்டு சென்று தூக்குங்கள். குதிகால் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி மண்ணையும் கல்லையும் சுரண்டி எடுங்கள். கறுத்த கசிவும் துர்நாற்றமும் இருந்தால் லாயத்தின் ஈரமே பெரும்பாலும் காரணம். இந்த வேலையின்போது தரையில் உட்காரவோ மண்டியிடவோ கூடாது. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை லாடம் அடிப்பவரை வரவழையுங்கள்.

தீவனத்தில்தான் அன்பின் பெயரால் அதிகத் தவறு நடக்கிறது. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழி மனிதருக்குச் சொன்னது. குதிரைக்குக் கொள்ளை அள்ளி வைப்பது ஆபத்து. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 கிலோ காய்ந்த புல் அடிப்படை உணவு. கொள்ளும் பிற தானியமும் அதன் மேல் சிறிதளவே, அதுவும் பல வேளையாகப் பிரித்துத் தர வேண்டும். தீவனத்தை மாற்றுவதானால் ஒரு வாரத்துக்குக் குறையாமல் படிப்படியாக மாற்றுங்கள். தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்கட்டும்.

இவ்வளவு கவனமும் பெரிதும் வயிற்று வலிக்கு அஞ்சித்தான். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடலில் அடைப்போ முறுக்கோ நேர்ந்தால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். அடிக்கடி திரும்பித் தன் விலாவைப் பார்த்தல், முன்காலால் தரையைப் பறித்தல், சாணம் போடாதிருத்தல், படுத்துப் படுத்து உருளுதல் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் தீவனத்தை அகற்றிவிட்டுக் கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள். நாடித்துடிப்பு எத்தனை, கடைசியாக எப்போது சாணம் போட்டது என்பதைச் சொல்லுங்கள். வலிமருந்தை நீங்களாகக் கொடுத்தால் அறிகுறிகள் மறைந்து, மருத்துவரால் நோயைச் சரியாக அறிய முடியாமல் போகலாம். அவர் வரும்வரை, வேதனையில் உருளும் குதிரையோடு மூடிய லாயத்துக்குள் இருக்காமல், கதவுக்கு வெளியே நின்று கவனியுங்கள்.