பி.டி. பருத்தி: இன்னும் ஒரு பறிப்பு என்ற ஆசை

பெரம்பலூர் கரிசலில் புதிதாகப் பருத்தி போடுகிறவர்களைப் பார்க்கையில், என் பழைய பிழைகளே மீண்டும் முளைத்து வருவதுபோல் இருக்கிறது. செடி இடைவெளி, உர அளவு போன்றவற்றைப் பக்கத்துக் காட்டுக்காரரே திருத்திவிடுவார் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பி.டி. எல்லாப் பூச்சிக்கும் காவல் என்று நம்புவது

பி.டி. என்பது மண் பாக்டீரியா ஒன்றின் மரபணுவைச் சேர்த்து, புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி செய்த பருத்தி. அது காய்ப்புழுவுக்கானது. தத்துப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ ஆகியவற்றை அது தொடாது.

பருவம் முடிந்தும் செடியை அழிக்காமல் வைத்திருப்பது

இன்றும் என்னை எரிச்சலூட்டுவது இதுதான். ஒரு தை மாதம் எதிர்பாராத மழையில் செடிகள் மீண்டும் துளிர்த்தபோது, இன்னும் ஒரு பறிப்பு கிடைக்குமென்று இரண்டு ஏக்கரை அப்படியே விட்டேன். கிடைத்ததோ கறைபட்ட கொட்டுப் பருத்தி. ஏலத்தில் வந்த விலை பறிப்புக் கூலிக்கே போதவில்லை. பிடுங்கிய பருத்திமாரையும் அடுப்புக்கு ஆகுமென்று வரப்போரம் போர் போட்டு வைத்தேன். உலர்ந்த காய்களுக்குள் உறங்கிக் கிடந்த இளஞ்சிவப்புக் காய்ப்புழுக்கள், அடுத்த விதைப்பில் என் காட்டுக்கே அந்துப்பூச்சிகளாகத் திரும்பின.

பச்சைக் காய்ப்புழு துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று எதையும் தின்னும். இளஞ்சிவப்புப் புழுவுக்கோ நம் ஊரில் பெரும்பாலும் பருத்தியே சோறு. ஆகவே சில மாதங்கள் பருத்தியே இல்லாமல் செய்தால் அது பட்டினியில் வெகுவாகக் குறையும். செடியை நீட்டி வைப்பவர் அதற்குப் பந்தி நீட்டுகிறார். 2002இல் ஒரு மரபணுவோடும் 2006இல் இரண்டு மரபணுக்களோடும் வந்த விதைகள் இரண்டையும் இந்தப் புழு குஜராத்தில் முதலில் வென்று, பிறகு பிற மாநிலங்களிலும் வென்றுவிட்டது. காய்க்குள் புகுந்த புழுவை மருந்து எட்டாது. பூக்கள் விரியாமல் ரோஜா மொட்டுபோல் சுருண்டு நிற்கிறதா என்று பார்ப்பதும், இனக்கவர்ச்சிப் பொறி வைத்து அந்துப்பூச்சிகளை எண்ணுவதும், பறிப்பு முடிந்ததும் பருத்திமாரை அரைத்து மண்ணில் மடக்கி உழுவதும்தான் வழி. அடுப்புக்கு வேறு விறகு தேடிக்கொள்ளலாம்.

அடைக்கல விதையைத் தூக்கி எறிவது

முன்பு 450 கிராம் பி.டி. விதையோடு தனியாக 120 கிராம் பி.டி. அல்லாத சாதாரண விதை வரும்; அதுதான் அடைக்கல விதை. நான் அதை எரவாணத்தில் செருகிவிட்டு மறந்தவன். அதில் வளரும் நஞ்சு தாங்காத பூச்சிகள், தாங்கிப் பிழைத்தவற்றோடு கூடினால்தான் எதிர்ப்பு பரவுவது தாமதமாகும். இப்போது கலந்தே வரும் விதையில் சில செடிகளில் மட்டும் புழு விழுந்தால், அது போலி விதை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

வீட்டு விதை

பி.டி. பருத்தி வீரிய ஒட்டுரகம்; அதன் விதை தாய்ச்செடிபோல் வராது. அடுத்த விதைப்புக்கு எடுத்து வைக்காதீர்கள்.

களைக்கொல்லி தாங்கும் பருத்தி விதை

அனுமதி இல்லாதது, ரசீதும் கிடைக்காது. வாங்காதீர்கள்.