அம்பு முனைக்கு அதிக விலை கொடுப்பது எப்போது தகும்?

பெரிய விலங்குகளை வில்லால் வேட்டையாட உரிமம் பெற்ற ஒருவர் பிராட்ஹெட் எனப்படும், அலகுகள் (வெட்டும் தகடுகள்) கொண்ட அம்பு முனைகளை வாங்கப் போனால், ஒரே எடையுள்ள இரண்டு முனைகளுக்கிடையே விலை பல மடங்கு வேறுபடுவதைக் காண்பார். உறையைப் பிரித்ததும் இரண்டும் ஒரே மாதிரி மின்னும். இரண்டுமே முன்கையின் மயிரைச் சிரைக்கும். நல்ல எஃகுக்கும் உறுதியான கட்டமைப்புக்கும் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பதும், கூர்மையும் நேரான பறப்பும் நம் உழைப்பால் வருபவையாதலால் அவற்றுக்காகப் பணத்தை இறைக்க வேண்டியதில்லை என்பதும் என் முடிவு.

அம்பு விலங்கை எப்படி வீழ்த்துகிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். 400 கிரெயின், அதாவது சுமார் 26 கிராம் எடையுள்ள அம்பு நொடிக்கு 280 அடி வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 70 அடி-பவுண்டுதான். பெரிய விலங்குகளுக்கான துப்பாக்கி ரவையோ இரண்டாயிரம் அடி-பவுண்டுக்கு மேல் சுமந்து செல்லும். ஆகவே அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை. நுரையீரலையும் பெரிய இரத்தக் குழாய்களையும் அறுத்து, குருதியிழப்பால் மூளைக்குச் செல்லும் இரத்த அழுத்தத்தைச் சரியச் செய்துதான் கொல்கிறது. கூரான அலகு குழாயைச் சுத்தமாக அறுக்கும். மழுங்கிய அலகு அதை ஒதுக்கித் தள்ளிவிடும், அல்லது பிய்த்துவிடும், பிய்ந்த இடத்திலோ இரத்தம் விரைவில் உறையும். கடையில் இருந்த கூர்மையைவிட, தோலையும் மயிரையும் விலா எலும்பையும் கடந்த பிறகு எஞ்சியிருக்கும் கூர்மையே முக்கியம் என்பதால், முனையின் விலையைப் பற்றிய கேள்வி உண்மையில் எஃகைப் பற்றிய கேள்வியே.

எஃகின் கடினத்தை ராக்வெல் சி அளவுகோலில் குறிப்பிடுவார்கள். அது 50-க்கு மிகவும் கீழே இருந்தால் எலும்பில் பட்டதும் கூர்விளிம்பு மடங்கும்; 60-ஐத் தாண்டினால் விளிம்பு சில்லுச் சில்லாகத் தெறிக்கலாம். 52 முதல் 58 வரையிலான அளவுக்குச் சீராகப் பதமேற்றிய முனை மடங்காது, எளிதில் உடையவும் செய்யாது. உயர்விலை முனைகளில் நாம் முதன்மையாகக் காசு கொடுப்பது இந்தப் பதத்துக்கும், அலகும் நடுத்தண்டும் ஒரே எஃகுத் துண்டிலிருந்து கடைந்தெடுக்கப்படுவதற்கும்தான். மெல்லிய அலகுகளை அலுமினியத் தண்டில் செருகித் திருகால் இறுக்கிய மலிவான முனைகளில், பெரும்பாலும் அந்த இணைப்பே முதலில் கைவிடுகிறது. அம்பின் ஊடுருவலை ஆப்பிரிக்காவில் பெரிய விலங்குகளில் நீண்ட காலம் ஆராய்ந்த எட் ஆஷ்பி, அம்பு எங்கும் உடையாமலும் வளையாமலும் இருப்பதை முதல் காரணியாகவும், நேரான பறப்பை இரண்டாவதாகவும் வரிசைப்படுத்தினார். முனை வளைந்துவிட்டால் மற்ற எல்லாத் திட்டமும் வீண் என்பதால் அந்த வரிசை எனக்கு முழுக்கச் சரியாகவே படுகிறது.

விலையைப் பார்த்து நம்புவதைவிடச் சோதித்து நம்புவதே நல்லது. ஒரு பொதியில் ஒரு முனையைச் சோதனைக்கென ஒதுக்கி, புதிய அரத்தை அதன் விளிம்பில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அரம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் எஃகு மென்மையானது, சறுக்கினாலோ சிரமப்பட்டுக் கடித்தாலோ பதம் போதுமானது. அடுத்து முனையை அம்பில் பொருத்தி, அம்பைச் செங்குத்தாக நிறுத்தி, முனையின் நுனியைக் கைவிரல் நகத்தின் மேல் மெல்ல வைத்துப் பம்பரம்போல் சுழற்றுங்கள். முனையும் அம்பின் தண்டும் சேரும் இடத்தில் சிறு தள்ளாட்டம் இருந்தாலும் நகத்தில் ஓர் அதிர்வு தெரியும். அந்த முனையை வேறொரு அம்பில் மாட்டியும் தள்ளாட்டம் தொடர்ந்தால் குறை முனையில்தான் இருக்கிறது. எடை ஓரிரு கிரெயின் கூடக்குறைய இருப்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வேட்டைத் தூரத்தில் எடை வேறுபாட்டைவிடத் தள்ளாட்டமே பெருந்தீங்கு. கடைசியாக அதை ஒரு தடித்த ஒட்டுப்பலகையில் எய்யுங்கள். நான் எய்த ஒரு மலிவான முனை தூண்டில் முள்போல் வளைந்து வெளிவந்தது. பலகையில் நடந்ததால் அது வெறும் பாடமாக முடிந்தது, தோள் எலும்பில் நடந்திருந்தால் ஓர் உயிர் காயத்தோடு காட்டுக்குள் ஓடியிருக்கும்.

கூர்மை நம் பொறுப்பு. விலை உயர்ந்த முனைகளே சில நேரம் சொரசொரப்பான விளிம்போடு வருவதுண்டு. விளிம்பின் சரிவில் மார்க்கர் மையைப் பூசிவிட்டுக் கல்லில் தீட்டினால், மை எங்கே அழிகிறது என்பதைக் கொண்டு கோணம் சரியா என்று உடனே தெரியும். மறுபுறம் பிசிறு உருளும்வரை தீட்டி, பிறகு மாறி மாறி மெல்ல இழுத்துப் பிசிறை நீக்கி, தோல் வாரில் துடைத்து முடிக்க வேண்டும். லேசாக இழுத்துப் பிடித்த ரப்பர் வளையத்தைத் தொட்டவுடன் அறுத்தால் முனை ஆயத்தம்.

பறப்புக்கும் இதே நியாயம்தான். நிலையான அலகுகள் அம்பின் முன்பக்கத்தில் காற்றைப் பிடிப்பதால், வில் சரியாகச் சீரமைக்கப்படாதிருந்தால் அலகில்லாத பயிற்சி முனை செல்லும் இடத்துக்கு அவை செல்லா. அவை இடப்பக்கம் விலகினால் அம்புத் தாங்கியை மில்லிமீட்டருக்கும் குறைவாக வலப்பக்கம் நகர்த்தி மறுபடியும் எய்து, இரண்டு வகையும் ஒரே இடத்தில் குழுமும்வரை தொடர வேண்டும். இந்த வேலையைச் செய்யாதவருக்கு எந்த விலையுள்ள முனையும் உதவாது.

இனி விலங்கையும் வில்லையும் பொறுத்த முடிவு. மெல்லிய விலா எலும்புள்ள மான்வகையை, 60 பவுண்டு இழுவையுள்ள காம்பவுண்ட் (கப்பிகள் பொருத்திய) வில்லால், பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும் எய்பவருக்கு, மேற்சொன்ன சோதனைகளைத் தாண்டிய நடுத்தர விலை முனையே போதும். எல்க், மூஸ் போன்ற கனத்த உடலுள்ள பெரிய மான்களுக்கும், விலா எலும்புகள் அகன்று நெருங்கி அமைந்த காட்டெருமைக்கும், ஒரே துண்டான கனத்த எஃகு முனைக்குத் தயங்காமல் செலவிடலாம். குறைந்த இழுவையுள்ள வில்லைப் பயன்படுத்துபவருக்கு இது இன்னும் பொருந்தும். வலிமை குறையக் குறைய முனையில் வீணாகும் ஆற்றல் ஊடுருவலையே தின்றுவிடுவதால், அவர்கள் ஒடுங்கிய இரண்டலகு முனையை நாடுவது நலம். பட்டவுடன் விரியும் மெக்கானிக்கல் முனைகள் அகலமான காயத்தைத் தந்தாலும், விரிவதற்கே ஆற்றலைச் செலவிடுகின்றன. சில இடங்களில் அவற்றுக்குத் தடையும் உண்டு, வெட்டகலத்துக்குக் குறைந்தபட்ச அளவும் உண்டு என்பதால், வாங்குமுன் அவ்விடத்து விதிகளைப் படித்துவிடுங்கள்.

எண்ணிக்கையிலும் சிக்கனம் காட்டலாம். ஒரு பருவத்துக்கு மூன்று நல்ல முனைகளும், வில்லைச் சீரமைக்க அதே வகையில் ஒன்றும் போதும். நல்ல எஃகு முனையை மீண்டும் மீண்டும் தீட்டிப் பல பருவங்களுக்குப் பயன்படுத்தலாம் என்பதால், ஒவ்வொரு எய்தலுக்கும் அலகு மாற்ற வேண்டிய மலிவு முனையைவிட அது நாளடைவில் கூடுதல் செலவாவதில்லை. பயிற்சிக்கு ஒதுக்கிய முனையை மட்டும் கறுப்பு மையால் குறியிட்டு வையுங்கள். மழுங்கிய அது வேட்டை நாளில் அம்புக்கூட்டில் கலந்துவிடக் கூடாது.