டென்டாய் ஷோ: புள்ளியை வச்சு அரை சுத்து சுத்தி கட்டம் பிரிக்குறது எப்படி

சீட்டுக்கட்டுல ராஜாவை எடுத்து தலைகீழா புடிங்க, அதே ராஜா தான் தெரிவாரு. ஆனா அவரை கண்ணாடில காட்டினா மூலைல இருக்குற எழுத்து இடம் மாறிடும். இந்த வித்தியாசம் மட்டும் மண்டைல ஏறிட்டா டென்டாய் ஷோன்ற கட்டப் புதிர்ல பாதி தாண்டின மாதிரி. எங்க தண்டையார்பேட்டை தெருவுல மார்கழில போடுற சிக்கு கோலம் நெறைய இப்படித்தான், வாசப்படில நின்னு பாத்தாலும் ரோட்டுக்கு அந்தாண்ட போய் நின்னு பாத்தாலும் ஒரே மாதிரி இருக்கும். அக்கா பையனுக்கு சொல்லிக் குடுக்கும்போது அவன் மொதல்ல பண்ண தப்பே இதான், "மாமா, இந்த பக்கம் இருக்குற மாதிரியே அந்த பக்கமும் போட்டேனே"ன்னான், அவன் போட்டது கண்ணாடி, சுத்து இல்ல.

இது ஜப்பான்ல நிகோலின்ற கம்பெனி பிரபலமாக்கின புதிர், சுடோகுன்ற பேரை பரப்புனதும் அவங்க தான். பேருலயே ஒரு வார்த்தை விளையாட்டு இருக்கு, டென்டாய்னா வானத்துல இருக்குற கோள் நட்சத்திரம்லாம், சேர்த்து சொன்னா புள்ளியை வச்ச சமச்சீர்னும் காதுல விழும். இங்கிலீஷ்ல இதையே ஸ்பைரல் கேலக்ஸீஸ்னு சொல்வாங்க. சைமன் டேத்தம்ன்ற ப்ரோக்ராமரோட புதிர் தொகுப்புல கேலக்ஸீஸ்னு இலவசமாவே கிடைக்குது, நான் திருவொத்தியூர்ல ட்ரெயின் ஏறி சென்ட்ரல் போறதுக்குள்ள 7க்கு 7 ரெண்டு முடிச்சிடுவேன்.

விதி ரொம்ப கம்மி. கட்டம் கட்டமா பிரிச்ச பலகைல அங்கங்க புள்ளி இருக்கும், சிலது ஒரு கட்டத்துக்கு நடுவுல, சிலது கோட்டு மேல, சிலது நாலு கட்டம் சேர்ற முனைல. மொத்தத்தையும் கோடு வழியா துண்டு துண்டா பிரிக்கணும், ஒரு துண்டுக்கு ஒரே புள்ளி, அந்த புள்ளியை வச்சு துண்டை 180 டிகிரி சுத்தினா அச்சு அசலா அதே எடத்துல உக்காரணும், எந்த கட்டமும் அனாதையா நிக்கக்கூடாது.

அப்போ ஒவ்வொரு கட்டத்துக்கும் புள்ளிக்கு அந்தாண்ட ஒரு ஜோடி இருக்கு. அதை கண்ணால தேடாதீங்க, கணக்கா போடுங்க. வரிசையை மேலேந்து எண்ணுங்க, கட்டத்தை இடது பக்கத்துலேந்து எண்ணுங்க. புள்ளி 3-வது வரிசைல 2-வது கட்டத்துல இருந்தா (3-2ன்னு எழுதுறேன்) ரெண்டையும் டபுள் பண்ணுங்க, 6-4. இதுலேந்து எந்த கட்டத்தை கழிச்சாலும் ஜோடி வந்துரும், 2-1க்கு ஜோடி 4-3. புள்ளி கோட்டு மேல இருந்தா அதை தொடுற ரெண்டு கட்டத்தையும் கூட்டிக்கோங்க, முனைல இருந்தா குறுக்கால எதிரெதிரா இருக்குற ரெண்டை கூட்டுங்க. கழிச்சு வர்ற நம்பர் பலகைக்கு வெளிய போச்சுன்னா அந்த புள்ளியால அங்க வரவே முடியாதுன்னு அர்த்தம். இந்த "வர முடியாது" தான் உண்மையான ஆயுதம், நான் எப்பவும் புள்ளிலேந்து வெளிய போக மாட்டேன், தனியா நிக்குற கட்டத்துக்கிட்ட போய் "உன்கிட்ட யார் யார் வர முடியும்"னு கேப்பேன், பதில் ஒரே ஆள்னா முடிஞ்சுது.

தோ ஒண்ணு சேர்ந்து போட்டுப் பாக்கலாம், பேப்பர்ல 5க்கு 5 போடுங்க. கட்டத்துக்கு நடுவுல மூணு புள்ளி: 1-2, 3-2, 3-5. கோட்டு மேல நாலு: 1-4க்கும் 2-4க்கும் நடுவுல, 3-4க்கும் 4-4க்கும் நடுவுல, 4-1க்கும் 5-1க்கும் நடுவுல, 5-3க்கும் 5-4க்கும் நடுவுல.

மொதல்ல புள்ளி தொடுற கட்டத்தையெல்லாம் அதுக்கே எழுதிடுங்க. அப்பால ஓரத்தை பாருங்க. 1-2 புள்ளி மேல் வரிசைலயே இருக்கு, கீழ ஒரு கட்டம் எறங்கினா ஜோடி பலகைக்கு மேல வெளிய போயிடும், அதனால அது அந்த வரிசையை விட்டு எறங்கவே முடியாது. அதே மாதிரி 3-5 கடைசி நெடுவரிசைல மேல கீழ மட்டும், 5-3, 5-4 நடுவுல இருக்குறது கடைசி வரிசைல மட்டும், 4-1, 5-1 நடுவுல இருக்குறது அந்த ரெண்டு கட்டத்தோட சரி.

இப்போ 1-1. 3-2 வரலாம்னு பாத்தா ஜோடி 5-3, அது வேற ஆளோடது. மிச்சம் 1-2 மட்டும் தான், அதனால 1-1, 1-3 ரெண்டும் அதுக்கு. இதுல எனக்கு ரொம்ப புடிச்ச எடம் 5-5. மூணு பேர் உரிமை கேப்பாங்க, 3-5 புள்ளி, 3-4க்கு கீழ இருக்குற புள்ளி, கடைசி வரிசை புள்ளி, மூணுமே முடியும் போல தெரியும். இங்க முட்டாதீங்க, 5-2க்கு போங்க. அதுக்கு 3-2 வந்தா ஜோடி 1-2, ஏற்கனவே போச்சு, மத்தவங்களுக்கு வெளிய போகுது, ஆக கடைசி வரிசை புள்ளி மட்டும் தான், அதோட ஜோடி 5-5 தானா வந்து விழுது! 5-5 போனதால 3-5 புள்ளி 1-5க்கு வர முடியாது, அதனால 1-5ம் அதோட ஜோடி 2-3ம் மேல இருக்குற கோட்டுப் புள்ளிக்கு, துண்டு இசட் எழுத்தை கண்ணாடில பாத்த மாதிரி வளைஞ்சு நிக்கும். 2-5க்கு 3-5 மட்டும் தான், கூட 4-5. மிச்சம் இருக்குற 2-1, 2-2, 3-1 மூணும் ஜோடியோட 3-2க்கு. ஒரு எடத்துல கூட குத்துமதிப்பா போடல.

பெரிய புதிர்ல கட்டம் மட்டும் பத்தாது, சுவரும் கொண்டு போகணும். பக்கத்து ரெண்டு கட்டம் வேற வேற ஆளுன்னு தெரிஞ்ச உடனே நடுவுல கோடு போடுங்க, அந்த கோட்டை ரெண்டு புள்ளிக்கும் தனித்தனியா சுத்தி அந்தாண்ட போடுங்க, அங்க புது கோடு வந்தா அது பக்கத்து துண்டை நெருக்கும், அங்கேந்து இன்னொண்ணு. இதை தள்ளிப்போட்டா மறந்துரும், கோடு போட்ட கையோட பண்ணுங்க. துண்டு நடுவுல அறுந்து போகாம தொடர்ச்சியா இருக்கணும்னும் பாருங்க, ஜோடி சரியா இருந்தும் நடந்து போக வழி இல்லன்னா அது அந்த புள்ளியோடது இல்ல.

முடிச்சப்புறம் சரிபாக்க ஒரு வழி, புள்ளி கட்டத்துக்கு நடுவுல இருந்தா துண்டுல கட்டம் ஒத்தைப்படைல தான் வரணும், கோட்டு மேலயோ முனைலயோ இருந்தா ரெட்டைப்படை. எண்ணிக்கை இடிச்சா அங்க தப்பு இருக்கு. நிகோலி ஸ்டைல்ல கருப்பு புள்ளி வெள்ளை புள்ளின்னு ரெண்டு வகை வரும், கருப்பு புள்ளி துண்டுக்கு மட்டும் ஷேட் அடிச்சா ஒரு படம் தெரியும், அக்கா பையன் இப்போ அந்த படத்துக்காகவே ஸ்கூல்லேந்து வந்ததும் பென்சிலை சீவிக்கிட்டு உக்காந்துடுறான்.