பிடித்த நடிகைக்குப் போடும் ஓட்டு எங்கே வீணாகிறது?

அறிவியல் புனைவு, ஃபேன்டசி தொடர்களின் நாயகிகளுக்கு அமெரிக்காவில் ரசிகர்களே ஓட்டுப் போட்டு விருது தந்ததுண்டு. 2017 ஜனவரியில் பீப்பிள்ஸ் சாய்ஸ் விருதுகளில் அந்தப் பிரிவை வென்றவர் 'அவுட்லேண்டர்' நாயகி கட்ரீனா பால்ஃப். இத்தகைய ஓட்டுகளில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் விதிமுறைப் பக்கத்தைப் படிக்காததால் வருபவை.

முதல் தவறு, எந்த விருதில் நமக்கு ஓட்டு இருக்கிறது என்று பார்க்காமலே களத்தில் இறங்குவது. அறிவியல் புனைவு, ஃபேன்டசி, திகில் படைப்புகளுக்கான சாட்டர்ன் விருதில் தொலைக்காட்சி நடிகைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு, ஆனால் ஓட்டுப் போடுவது அதை நடத்தும் அகாடமியின் உறுப்பினர்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மியும் அப்படித்தான். 'ஆர்ஃபன் பிளாக்' தொடரில் பல குளோன் வேடங்களை ஒருவரே நடித்த டட்டியானா மாஸ்லானிக்கு 2013-இல் எம்மி பரிந்துரை கிடைக்காதபோது ரசிகர்கள் இணையத்தில் கொதித்தார்கள். பட்டியல் மாறவில்லை. விருது 2016-இல்தான் வந்தது, அதுவும் டெலிவிஷன் அகாடமி உறுப்பினர்களின் ஓட்டால். அறிவியல் புனைவு, ஃபேன்டசி படைப்புகளுக்கான ஹியூகோ விருதில் கட்டணம் கட்டி உறுப்பினராகும் ரசிகர் ஓட்டுப் போடலாம், ஆனால் அங்கே நடிப்புக்கென்று பிரிவே கிடையாது. நாயகி எவ்வளவு பிரமாதமாக நடித்திருந்தாலும் விருது போவது எபிசோடுக்கோ தொடருக்கோதான்.

அடுத்தது, போன வருடத்துப் பிரிவு இந்த வருடமும் இருக்கும் என்று நம்புவது. பீப்பிள்ஸ் சாய்ஸ் அமெரிக்கப் பொழுதுபோக்கு சேனலான ஈ!-யின் கைக்குப் போன பிறகு விழா ஜனவரியிலிருந்து நவம்பருக்கு மாறியது, பிரிவுகளும் மாறின. 2018-இல் 'ஷேடோஹன்டர்ஸ்' நாயகி கேத்ரின் மெக்நமாரா வென்றது எல்லா வகைத் தொடர்களுக்கும் பொதுவான தொலைக்காட்சி நடிகைப் பிரிவில். அப்போது ட்விட்டரில் ஓட்டுப் போட நடிகையின் ஹேஷ்டேக், பிரிவின் ஹேஷ்டேக் இரண்டும் ஒரே பதிவில் இருக்க வேண்டியிருந்தது. பழைய பிரிவின் ஹேஷ்டேகைப் போட்டால் அது வெறும் வாழ்த்துதான். எழுத்துப் பிழையும் அதே கதி. பால்ஃபின் பெயரைக் காதில் விழுவதுபோல் ஆங்கிலத்தில் தட்டினால் அது வேறு ஹேஷ்டேக் ஆகிவிடும், அதனால் வேட்பாளர் பட்டியலிலிருந்து காப்பி செய்வதே நல்லது. கணக்கைப் பிரைவேட்டில் பூட்டி வைத்திருந்தால் பதிவு எண்ணுபவர் கண்ணில் படாது.

உச்சவரம்பை மீறுவது உற்சாகம் தரும், பலன் தராது. 2018-இல் ஒரு பிரிவுக்கு, ஒரு நாளைக்கு, ஒரு வழியில் 25 ஓட்டு என்பது பீப்பிள்ஸ் சாய்ஸ் விதியாக இருந்தது. இருபத்தாறாவது ஓட்டுக்கு மதிப்பில்லை. 'வழி' என்ற சொல்லைத்தான் பலர் கவனிப்பதில்லை: அன்று இணையதளத்தில் 25 போட்ட பின்னும் ட்விட்டரில் தனியாக 25 மிச்சமிருந்தது. பத்து மின்னஞ்சல் கணக்கு திறப்பதும், தானாக ஓட்டுப் போடும் ஸ்கிரிப்ட் ஓட்டுவதும் வேண்டவே வேண்டாம். அவை பிடிபட்டால் நேர்மையாகப் போட்ட ஓட்டும் சேர்ந்து போகும்.

கடைசி நாள் இந்திய நேரத்தில் குழப்பும். அமெரிக்கக் கிழக்கு நேரம் இரவு 11:59 என்றால் நமக்கு மறுநாள் காலை 9:29. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்த பிறகு அதுவே 10:29. பசிபிக் நேரம் என்று போட்டிருந்தால் இன்னும் மூன்று மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். தினசரி வரம்பும் பெரும்பாலும் அந்த ஊர் நள்ளிரவில்தான் புதுப்பிக்கப்படும், நம் நள்ளிரவில் அல்ல. ஆனால் கணக்குப் போட்டுக் காத்திருப்பதற்கு முன், இந்தியாவிலிருந்து போடும் ஓட்டை ஏற்கிறார்களா, வயது வரம்பு என்ன என்று பார்த்துவிடுங்கள்.

அதிக ஓட்டு வாங்கியவரே ஜெயிப்பார் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. அமெரிக்கப் பதின்பருவத்தினர் ஓட்டுப் போட்ட டீன் சாய்ஸ் விருதின் விதிகளில், அதிக ஓட்டு பெற்ற முதல் நால்வரிலிருந்து வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தயாரிப்பாளர்களுக்கு உண்டு என்றே எழுதியிருந்தது. 2014-இல் இது வெளியே பேசப்பட்டபோதுதான் பலர் அந்த வரியையே முதன்முதலாகப் படித்தார்கள்.