ஒரு காடு எப்படி ஆளப்படுகிறது? பெரியாறு காப்பகத்தை வைத்துப் பழகலாம்

காட்டை மதிப்பிடுவது என்றாலே "எத்தனை புலி?" என்றுதான் கேட்கிறோம். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முடிவை யார் எடுக்கிறார்கள், பணம் எங்கே போகிறது, தப்பு நடந்தால் யார் பதில் சொல்வார்கள் என்பதுதான் ஆளுகை. பழகுவதற்குக் குமுளி பக்கத்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தை எடுத்துக்கொள்வோம்.

படி 1: அதிகாரப் படம் வரையுங்கள்

925 சதுர கிலோமீட்டர் காடு, கேரள வனத்துறையின் பொறுப்பு. ஆனால் நடுவிலிருக்கும் ஏரி 1895-இல் கட்டிய முல்லைப் பெரியாறு அணையுடையது. அணையை இயக்குவது தமிழ்நாடு. காட்டுக்குள்ளேயே இருக்கும் சபரிமலைக் கோயிலோ, கோயில்களை நிர்வகிக்கும் தேவசம் போர்டிடம். இவர்களைக் கட்டங்களாக வரைந்து, ஒருவர் முடிவு இன்னொருவரை எங்கே இடிக்கிறது என்று கோடு போடுங்கள். பாதி விஷயம் இதிலேயே தெரிந்துவிடும்.

படி 2: ஊர்க்காரர்களிடம் கேளுங்கள்

அவசரப்படக் கூடாத படி இது. ஒருகாலத்தில் இங்கே திருட்டுத்தனமாக வயணப் பட்டை (காட்டு இலவங்கப் பட்டை) உரித்தவர்களே இன்று குழு அமைத்து, பயணிகளுக்கு வழிகாட்டி, ரோந்தும் போகிறார்கள். பெண்கள் 'வசந்த சேனை' என்று தாங்களாகவே காவல் சுற்றுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, சரி. அப்புறம் கேளுங்கள்: குழு கடைசியாக எப்போது கூடியது? தீர்மானப் புத்தகத்தைக் காட்டுவார்களா? வனத்துறை சொன்னதை மறுத்து ஒரு தீர்மானமாவது உண்டா? மன்னான், பளியர் பழங்குடிகளிடம், காட்டில் வாழ்வோரின் உரிமைகளுக்கான 2006 வன உரிமைச் சட்டத்தின்படி அவர்கள் கொடுத்த மனுக்கள் என்ன ஆயின என்றும் விசாரியுங்கள். அதிகாரி பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள்.

படி 3: பணத்தைத் தொடருங்கள்

இங்கே 2004-லேயே ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2006-இல் திருத்திய பிறகு எல்லாப் புலிகள் காப்பகத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றானது. அதன் வரவு செலவு கிடைக்கவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். காட்டைக் காக்கும் தற்காலிக வாட்சர்களுக்குச் சம்பளம் மாதாமாதம் வருகிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

படி 4: அரசின் மதிப்பெண்

புலிகள் காப்பகங்களை எவ்வளவு நன்றாக நிர்வகிக்கிறார்கள் என்று பார்க்கும் மத்திய அரசின் 2022 மதிப்பீட்டில், 51 காப்பகங்களில் பெரியாறுதான் முதலிடம், 94.38 சதவீதம். இதைக் கடைசியில் பார்க்கச் சொல்வது காரணமாகத்தான். முதலில் பார்த்தால் மற்ற கேள்விகள் மழுங்கிவிடும். எண்ணைவிட, அறிக்கை பட்டியலிடும் பலவீனங்களைப் படித்து, உங்கள் நோட்டில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாத இடத்துக்கு இன்னொரு முறை போய்வர வேண்டியிருக்கும்.